எஞ்சின் திணறும்போது: சின்ன விமானத்தில் அறிகுறி பார்த்து வழி தேடுவது

ஒற்றை எஞ்சின் விமானத்தில் சத்தம் மாறிய உடனே கை தானாகப் போகும் இடம் த்ராட்டில், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் மூக்கு இறங்கியிருக்க வேண்டும். என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது இரண்டாவது வேலை. அந்த இரண்டாவது வேலையில் மூழ்கி முதல் வேலையைக் கோட்டைவிட்டவர்களின் பட்டியல் நீளம்.

கீழே உள்ளவை பெரும்பாலும் செஸ்னா 172, 152 ஓட்டுகிறவர்களுக்கு. தனியாகச் சொல்லாத இடங்களில் எண்கள் 172என் (172N) மாடலின் கையேட்டிலிருந்து. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் அது சொல்வதே வேதவாக்கு.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நொடி

சறுக்கு வேகத்தை, அதாவது எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் சறுக்கிப் போகும் வேகத்தை, பிடியுங்கள். 172என்னில் 65 நாட், 172எஸ்ஸில் 68, 152இல் 60. பிடித்ததும் ட்ரிம் போட்டு விடுங்கள், கை சும்மா இருக்கும். அடுத்து, இறங்க ஓர் இடம் பார்த்து அந்தப் பக்கம் திருப்புங்கள். அதற்குப் பிறகுதான் காரணம்.

காரணம் தேடும்போது யோசித்துத் தேடாதீர்கள், கையை ஒரு பாதையில் ஓட்டுங்கள். 172என்னில் அந்தப் பாதை தரையில் தொடங்கும். இருக்கைகளுக்கு நடுவே உள்ள ஃபியூயல் செலக்டர் (எந்த டேங்க்கிலிருந்து பெட்ரோல் என்று தேர்ந்தெடுக்கும் கைப்பிடி) ‘போத்’தில், அதாவது இரண்டு டேங்க்கிலும், இருக்கிறதா? மேலே வந்தால் மிக்ஸ்சர் (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவு), முழுக்க உள்ளே. அதற்கு இடப்பக்கம் த்ராட்டில், அதையடுத்து கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்), முழுக்க வெளியே. பிறகு மேக்னட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இரண்டு கருவிகள்) சாவி, ‘போத்’தில். கடைசியாக இடது ஓரத்தில் ப்ரைமர் (ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் பீய்ச்சும் கைப்பம்ப்), உள்ளே தள்ளிப் பூட்டியிருக்கிறதா? நிறுத்தி வைத்த விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை தொட்டுப் பாருங்கள். வானத்தில் உதவுவது அந்தப் பழக்கம்தான்.

65 நாட்டில், எஞ்சின் நின்ற 172 விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 அடி இறங்கும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் நான்கு நிமிடம். 1,000 அடியில் ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கே கையை ஒரு முறை ஓட்டிப் பார்க்கத்தான் நேரம் உண்டு.

ஆர்பிஎம் மெதுவாக இறங்குகிறது, நான் எதையும் தொடவில்லை

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி. வேறெதையும் நினைப்பதற்கு முன் இதை நினையுங்கள்.

“நம்ம ஊர் வெயிலுக்குப் பனியா?” என்று சிரிப்பவர்களை எல்லா பயிற்சிப் பள்ளியிலும் பார்க்கலாம். நானும் சிரித்தவன்தான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய தொண்டை வழியே காற்று விரியும்போதும் உள்ளே வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூட விழும். வெளியே 30 டிகிரி என்றால் உள்ளே உறைநிலை என்று அர்த்தம். பனிக்கு வேண்டியது குளிரைவிட ஈரம். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆனால் காற்று நன்றாக ஈரமாக இருந்தால் 38 டிகிரி வரைக்கும்கூட நடக்கக்கூடிய விஷயம் இது. கடற்கரை ஊரில் மழை விட்ட காலைப் பொழுது, கேட்கவே வேண்டாம்.

அப்படி ஒரு காலையில்தான் நான் பாடம் கற்றேன். 152இல் 2,500 அடியில் போய்க்கொண்டிருந்தோம். ஆர்பிஎம் 2,400இலிருந்து 2,300க்கு வந்தது, நான் த்ராட்டிலை லேசாகத் தள்ளினேன். மறுபடி இறங்கியது, மறுபடி தள்ளினேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே, “தம்பி, மூணாவது தடவை தள்ளப் போறியா?” என்றார். அப்போதுதான் உறைத்தது. கார்ப் ஹீட்டை இழுத்தேன். எஞ்சின் இன்னும் மோசமாக இருமியது, ஆர்பிஎம் இன்னும் விழுந்தது, விமானமே உதறியது. பயந்து அதை உள்ளே தள்ளப் போன என் கையின் மேல் அவர் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏதோ விழுங்கியது போல ஒரு சத்தம், அப்புறம் ஊசி 2,400ஐத் தாண்டி ஏறியது. “விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் சார்?” என்றேன். “ஹீட்டு எங்கேருந்து வருது?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கார்ப் ஹீட்டுக்கு வரும் சூடு புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றின் சூடு. எஞ்சின் நின்றுவிட்டால் புகைக்குழாய் ஆறிவிடும், அப்புறம் உருக்க எதுவும் இல்லை. ஆகவே சந்தேகம் வந்ததுமே முழுக்க இழுங்கள். பாதி இழுப்பது சில நேரம் பனியை இன்னும் வளர்க்கும். இழுத்ததும் எஞ்சின் மோசமாவது நல்ல சகுனம். உருகிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், பொறுங்கள். இழுத்ததும் ஆர்பிஎம் கொஞ்சம் குறைந்து அப்படியே நின்றால் பனி இல்லை. சூடான காற்று லேசானது, அதனால் வந்த குறைவு அது.

த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் பாதி மூடிய த்ராட்டில் தட்டின் ஓரத்தில்தான் பனி ஒட்டும். பழைய கான்டினென்டல் ஓ-200 எஞ்சின் கொண்ட செஸ்னா 150 இதற்குப் பேர்போனது. லைகமிங் எஞ்சினில் கார்புரேட்டர் சூடான ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் ஆயில் தொட்டி) அடியிலேயே பொருந்தியிருப்பதால் கொஞ்சம் தேவலை. 1996க்குப் பிறகு வந்த 172களில் கார்புரேட்டரே கிடையாது, ஃபியூயல் இஞ்செக்‌ஷன். அவற்றில் இந்தப் பாடம் செல்லாது, கார்ப் ஹீட் குமிழும் இருக்காது. பதிலாக ஆக்ஸிலரி பம்ப்பை (மின்சார எரிபொருள் பம்ப்) போடுங்கள்.

இரண்டு முறை இருமிவிட்டுச் சட்டென்று அடங்கியது

தீக்குச்சியை ஊதி அணைத்த மாதிரி அடங்கினால் பெரும்பாலும் எரிபொருள். அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி 2017இல் வெளியிட்ட எச்சரிக்கைப்படி, அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 50க்கு மேற்பட்ட விபத்துகள் எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் நடக்கின்றன. பாதிக்கு மேல் டேங்க் காலியானவை. மீதியில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் செலக்டர். 172இல் ‘போத்’ என்ற வசதி இருப்பதால் தப்பிக்கிறோம். பைப்பர் பிஏ-28 போன்ற தாழ்ந்த இறக்கை விமானங்களில் இடது, வலது மட்டும்தான். ஒரு டேங்க் தீர்ந்தால் மறு டேங்க்குக்கு மாற்றி, எலக்ட்ரிக் பம்ப்பைப் போட்டு, காத்திருக்க வேண்டும். குழாயில் மறுபடி பெட்ரோல் வந்து சேரச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகள் நீளமானவை. மாற்றிவிட்டு “ஒன்றும் ஆகவில்லையே” என்று பழையபடி திருப்பிவிடாதீர்கள்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இந்த செலக்டரால்தான். அவருடைய லாங்-ஈஸி விமானத்தைக் கட்டியவர் செலக்டர் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் எந்தப் பக்கம் எது என்ற குறியும் இல்லை. அதைத் திருப்ப உடம்பை வளைத்தபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. எஞ்சின் அடங்கிய உயரம் குறைவுதான். என்றாலும் அவரைக் கொன்றது, விமானத்தை ஓட்டுவதை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் தேட வேண்டியிருந்தது.

அடுத்து தண்ணீர். பாதி நிரம்பிய டேங்க்கை இரவு முழுக்க ஈரக் காற்றில் நிறுத்தினால் உள்ளே வியர்க்கும். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீர் நேராகவே இறங்கும். இதைத் தரையிலேயே பிடிக்க வேண்டும். டேங்க்கின் அடியில் உள்ள வடிகாலில் வடிக்கும்போது பெரும்பாலானோர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கி, அடியில் குமிழ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: வடித்தது முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் குமிழே தெரியாது, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். மாணவர் “சுத்தம் சார்” என்பார். நீல நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். 100எல்எல் பெட்ரோல் நீலம், தண்ணீருக்கு நிறமில்லை. மோந்தும் பாருங்கள்.

மோந்து பார்ப்பது இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். தவறுதலாக ஜெட் எரிபொருளை ஊற்றியிருந்தால் மண்ணெண்ணெய் வாடை வரும், நீலம் வெளிறியிருக்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். பெட்ரோல் பறந்துவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறையாக நிற்கும். இதில் கொடுமை என்னவென்றால், குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலை வைத்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், டாக்ஸி போகும், கிளம்பும் முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பும் சுத்தமாக இருக்கும். மேலே ஏறிய பிறகுதான் தட்டத் தொடங்கும்.

டேங்க் காலி என்பதற்கு வானத்தில் வைத்தியம் இல்லை. 172என் 75 சதவீத சக்தியில் மணிக்குச் சுமார் 32 லிட்டர் குடிக்கும். கேஜ் ஊசியை நம்பாதீர்கள், குச்சி விட்டு அளந்ததை நம்புங்கள். மீதியைக் கணக்குப் போடக் கையில் கடிகாரம் இருக்கிறது.

நிற்கவில்லை, ஆனால் உதறுகிறது

திடீரென்று கரடுமுரடாகி, ஒழுங்காகத் துடிப்பு விட்டு விட்டு வந்தால் மேக்னட்டோ. சாவியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல மேக்னட்டோவில் மட்டும் எஞ்சின் வழுவழுவென ஓடும். அதிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து விமான நிலையத்துக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை: செஸ்னா சாவியில் ‘போத்’திலிருந்து இரண்டு சொடுக்கு திரும்பினால் வலது, மூன்றாவது சொடுக்கு ‘ஆஃப்’. எண்ணிக்கொண்டே திருப்புங்கள். திருப்பியதும் எஞ்சின் அணைந்தால் த்ராட்டிலைக் குறைத்துவிட்டு ‘போத்’துக்குத் திரும்புங்கள்.

லேசான உதறல் மட்டும் என்றால் பிளக்கில் கரி அல்லது ஈயம் படிந்திருக்கலாம். தரையில் முழு ரிச் மிக்ஸ்சரில் நெடுநேரம் ஐடிலில் நின்ற விமானங்களுக்கு வரும் வியாதி இது. மிக்ஸ்சரைச் சற்றே லீன் செய்து (பெட்ரோலைக் குறைத்து) சில நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து போகும். இதே உதறல் ஐடிலில் மட்டும் வந்தால் ப்ரைமரைப் பாருங்கள். பூட்டாத ப்ரைமர் வழியே எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அற்பக் காரணம், ஆனால் இதற்காக எஞ்சின் கவரைக் கழற்றியவர்களைத் தெரியும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் தடதடத்து, சூடு ஏறியதும் சரியாகிவிடுகிறதா? அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் மசக்கை. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டில் படிவு சேர்ந்து, குளிர்ந்த நிலையில் வால்வு சிக்கிக்கொள்கிறது. “சூடானா சரியாயிடுது” என்று பறக்காதீர்கள். அடுத்த முறை அது ஏறுமுகத்தில் சிக்கும்.

பல் கடகடக்கும் அளவுக்கு அதிர்ந்தால் கதை வேறு. புரொப்பெல்லரின் ஒரு துண்டு பிய்ந்து போயிருக்கலாம். த்ராட்டிலை உடனே குறையுங்கள், அதிர்வு நிற்காவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். சமநிலை இழந்த புரொப்பெல்லர் எஞ்சினையே பிடுங்கி எறியும். அப்படி நடந்தால் விமானத்தின் எடை சமநிலை போய்விடும், சறுக்கி இறங்கவும் முடியாது.

ஆயில் ஊசி விழுகிறது

இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் படியுங்கள். பிரஷர் குறைவு, வெப்பம் வழக்கம்போல் என்றால் கேஜோ ரிலீஃப் வால்வோ பழுதாக இருக்கலாம். பக்கத்து விமான நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். பிரஷர் போய் வெப்பம் ஏறினால் ஆயில் இல்லை. த்ராட்டிலைக் குறைத்து, எஞ்சின் ஓடும்போதே வயல் தேடத் தொடங்குங்கள்.

புகை, தீ

இங்கே மட்டும் மேலே சொன்ன பாதை தலைகீழ். மிக்ஸ்சர் வெளியே, செலக்டர் ஆஃப், மாஸ்டர் (மின்சாரத்தின் மெயின் ஸ்விட்ச்) ஆஃப், கேபின் ஹீட்டும் காற்றும் மூடல், வேகம் 100 நாட். தீ அணைந்தாலும் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஏறும்போது பாதி சக்தி போய்விட்டது

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்திரேலியாவில் விபத்துகளை விசாரிக்கும் ஏடிஎஸ்பி 2000க்கும் 2010க்கும் இடையே அந்த நாட்டில் ஒற்றை எஞ்சின் விமானங்கள் கிளம்பியதும் சக்தி இழந்த சம்பவங்களை எண்ணியது. எஞ்சின் முழுக்க நின்றவை 75. அவற்றில் ஒன்றில்கூட உயிர்ச்சேதம் இல்லை. சக்தி ஓரளவு மட்டும் போனவை 242. அவற்றில் 9 விபத்துகளில் உயிர் போனது.

ஏன்? நின்ற எஞ்சின் உண்மையைச் சொல்லிவிடுகிறது. விமானி மூக்கை இறக்கி, எதிரே இருப்பதில் இறங்குகிறார். பாதி ஓடும் எஞ்சின் ஆசை காட்டுகிறது. “ரன்வேக்குத் திரும்பிடலாம்” என்று தோன்றும். உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிப் பிடிப்பார், வேகம் கரையும், வளைந்து திரும்பும்போது ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்குவதை விட்டுவிடும். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். குறைந்த உயரத்தில் அதிலிருந்து மீள இடம் இல்லை. அதோடு, திரும்பி அதே ரன்வேயின் நேர்க்கோட்டுக்கு வர 180 டிகிரி போதாது. ஒரு பக்கம் கூடுதலாக வளைந்து, மறுபடி எதிர்ப்பக்கம் வளைய வேண்டும்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று சான்டா மோனிகாவிலிருந்து பழைய ரயான் எஸ்டி3கேஆர் விமானத்தில் கிளம்பியதும் எஞ்சின் சக்தி போனது. ரன்வேக்குத் திரும்பக் கட்டுப்பாட்டு கோபுரத்திடம் கேட்டார். எட்டாது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மரத்தின் உச்சியில் உரசி, பலத்த அடி பட்டது, பிழைத்தார். கார்புரேட்டரின் மெயின் ஜெட் திருகு கழன்றிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். வானத்தில் இருக்கும் யாராலும் சரிசெய்ய முடியாத கோளாறு அது. ஆனால் ரன்வே ஆசையை விட்டது அவர் கையில் இருந்தது.

ஆகவே ரன்வேயில் த்ராட்டிலைத் தள்ளுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: “இன்ன உயரத்துக்குக் கீழே எது நடந்தாலும் நேரே, இடமோ வலமோ கொஞ்சம் மட்டும்.” அந்த உயரம் எவ்வளவு என்பதை உங்கள் பயிற்றுநரோடு மேலே போய், உங்கள் விமானத்தில், பாதுகாப்பான உயரத்தில் அளந்து முடிவு செய்யுங்கள். பாதி சக்தியில் சறுக்கு வேகமும் கிடைத்து உயரமும் நிற்கிறது என்றால் மெல்லச் சாய்த்து, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் சர்க்யூட் போடலாம். ஆனால் ஒவ்வொரு நொடியும் “இப்போதே முழுக்க நின்றால் எங்கே?” என்ற கேள்விக்கு ஜன்னலில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை

காற்றில்லாத நாளில் 172 ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் போகும். அந்த வட்டத்தின் ஓரத்தில் தெரியும் அழகான வயலைவிடக் காலடியில் இருக்கும் சுமாரான வயல் மேல்.

காற்றுக்கு எதிராக இறங்குங்கள். மின்கம்பி தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும்; அறுவடை முடிந்து காய்ந்த வயலில் வரப்புக்கு இணையாக இறங்கலாம். வறண்ட ஏரி மேலிருந்து மைதானம் போலத் தெரியும், பாதியளவு சீமைக்கருவேலமாக இருக்கும். நம் ஊர்ச் சாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

121.5இலோ பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலோ மேடே என்ற ஆபத்து அழைப்பு, ரேடாருக்குப் பதில் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின் மடிப்பு) இல்லாமல் 65 நாட், ஃபிளாப்போடு 60. வயல் உறுதியானதும் மிக்ஸ்சர், செலக்டர், சாவி எல்லாம் ஆஃப். ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது, ஆகவே அதைப் போட்ட பிறகே மாஸ்டர் ஆஃப். தொடுவதற்கு முன் கதவுகளைத் திறந்து விடுங்கள். சட்டகம் நெளிந்தால் பிறகு திறக்காது.

விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் உடம்பை 9 ஜி (புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு) விசையில் நிறுத்த மூன்று மீட்டர்கூட வேண்டாம். 160 கிலோமீட்டர் என்றால் பதினொரு மீட்டருக்குச் சற்று மேல். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. முடிந்தவரை மெதுவாக, மூக்கைச் சற்றுத் தூக்கித் தொடுங்கள். இறக்கை மரத்தில் போகட்டும், வாலும் போகட்டும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி முழுசாக நின்றால் போதும். தோள்பட்டை பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடமும் கேளுங்கள்.

நின்றதும் வெளியே வந்து தள்ளி நில்லுங்கள், கூடும் கூட்டத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடாதீர்கள். எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆனாலும் அந்த வயலிலிருந்து நீங்களாக மேலே கிளப்பாதீர்கள். இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி எடுத்துப் போகலாம்.